காட்டைக் கொளுத்துகிறார்களாம்!

அந்த வீடியோ உங்களுக்கும் வந்திருக்கும். கொடைக்கானல் மலையில் மன்னவனூர் பக்கம், பைன் காட்டோரம், நாலு பேர் புல்லுக்குத் தீ வைக்கிறார்கள். பின்னணியில் சோக இசை. "காவலனே காட்டைக் கொளுத்துகிறான்" என்று தலைப்பு வேறு.

ஐயா, அது ஃபயர் லைன். உறைபனியில் கருகிக் கிடக்கும் புல்லை, பங்குனி வெயில் ஏறுவதற்குள், காற்று அடங்கிய நேரம் பார்த்து ஒரு பட்டையாக எரித்துவிடுவது. அப்புறம் எங்கிருந்து தீ வந்தாலும் அந்தக் கருப்புப் பட்டையில் அதற்குத் தின்ன ஒன்றும் கிடைக்காது. வீடியோவில் ஓரமாக இரண்டு பேர் பச்சைக் கொப்போடு நிற்கிறார்களே, கண்ணில் படவில்லையா? காட்டைக் கொளுத்த வந்தவன் அணைக்கக் கொப்பு ஒடித்துக்கொண்டா வருவான்?

"மரமெல்லாம் பாவம்" என்கிறார் ஒருவர். எந்த மரம்? நீங்கள் சாய்ந்து நின்று போட்டோ எடுக்கும் பாட்டுலா பைன் மெக்சிகோவிலிருந்து வந்தது. தீயோடு பழகிய சாதி. அதன் காய்கள் பிசின் பூசி மூடியபடி வருடக்கணக்கில் கிளையிலேயே கிடக்கும். சூடு பட்டால் வாய் திறந்து சாம்பல் மேல் விதையைக் கொட்டும். தாய்மரம் கருகினாலும் வம்சம் போகாது. அமெரிக்காவின் தென்கிழக்கில் நீள ஊசியிலைப் பைன் காடுகளுக்குச் சில வருடங்களுக்கு ஒருமுறை அவர்களே தீ வைக்கிறார்கள். வைக்காவிட்டால் மற்ற மரங்கள் மேலேறி அதை அமுக்கிவிடும்.

பாவம் எங்கள் சோலைதான், இந்த மலையின் பழைய பச்சைக் காடு. அதன் ஈரத்துக்குள் தீ லேசில் நுழையாது, நுழைந்தால் தலைமுறைக்கும் தேறாது. அதன் ஓரத்திலேயே பைனை நட்டு வைத்திருக்கிறோம். சருகு சீக்கிரம் மக்காமல் மெத்தையாகச் சேர்கிறது, காய்ந்த கீழ்க்கிளைகளில் தொற்றிய தீ உச்சிக்கு ஏறிவிடுகிறது. அதனால்தான் ஃபயர் லைன். இன்னும் எத்தனை தடவை சொல்ல?

அப்பா கோடையில் தீக்காவலுக்குப் போவார். புல்லில் பிடித்த தீ காலடியில் சடசடக்கும், பைனில் பிடித்தால் சத்தம் தலைக்கு மேலே கேட்கும், மேலே கேட்டால் நிற்காதே ஓடு என்பார். புருவம் பொசுங்கி, செருப்பின் அடி உருகி வீடு வருவார். ஒரு வருடம் அந்தக் கூலி ஆடி பிறந்த பிறகுதான் கைக்கு வந்தது.

"புல்வெளிப் பறவைகள்?" நியாயமான கேள்வி. கூடு கட்டும் காலத்துக்கு முன்பே எரிப்பது அதற்கும்தான். "ஊர்க்காரர்கள்தானே மேய்ச்சலுக்குத் தீ வைக்கிறார்கள்?" வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். காரில் வந்து காட்டுக்குள் அடுப்பு மூட்டிப் பிரியாணி கிண்டிவிட்டு, அணைக்காமல் போகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் மேல் ஏன் சோக இசை ஓடுவதில்லை?

2024 மார்ச்சில் குன்னூரில் தீயை அணைக்க விமானப்படை ஹெலிகாப்டர் தண்ணீர் ஊற்றியதை எல்லோரும் ஷேர் செய்தீர்கள். சரி, நல்ல விஷயம்தான். கீழே கொப்பால் அடித்துக்கொண்டிருந்தவர்களை யார் படம் பிடித்தீர்கள்? இப்போதுதான் பிடித்திருக்கிறீர்கள், கொள்ளி வைக்கிறவன் என்று பெயர் சூட்ட.

அந்த நாலு பேரில் ஒருவர் எனக்குச் சித்தப்பா முறை. முகம் தெளிவாகவே தெரிகிறது. கல்லூரியில் படிக்கும் அவர் மகளுக்கும் வீடியோ போய்ச் சேர்ந்துவிட்டது. முதலில் அதை நீக்குங்கள். பைனைப் பற்றி அப்புறம் பேசலாம்.