இலக்கம் இருந்தால் மட்டும் அசல் ஆகாது

திருகோணமலையில் விலைக்கு வந்த, பாவித்த லூயி வித்தோன் (விலைகூடிய பிரெஞ்சு நிறுவனம்) கைப்பையைப் பற்றி அக்கா ஒருவர் கேட்டதற்கு, "உள்ளே எழுத்தும் இலக்கமும் அடித்திருந்தால் அசல்தான், பயப்படாமல் வாங்குங்கள்" என்று அண்ணா ஒருவர் சொல்லியிருக்கிறார். அது பிழை அண்ணா. எந்தத் தொழிற்சாலையில், எப்போது தைத்தார்கள் என்பதற்கான குறியீடுதான் அது. ஒரே குறியீடு பல பைகளில் இருக்கும். போலி செய்கிறவர்களும் அதை அடித்துவிடுவார்கள். 2021இல் லூயி வித்தோன் நிறுவனம் அதை விட்டுவிட்டு உள்ளே சிப் வைக்கத் தொடங்கியது, அதனால் புதுப் பையில் குறியீடு இல்லாவிட்டால் போலி என்றும் சொல்ல முடியாது.

ஆனால் வாசிக்கத் தெரிந்தால் சில போலிகள் அங்கேயே மாட்டும். 2007 முதல் வந்தவற்றில் முதலாம், மூன்றாம் இலக்கங்கள் வாரம். இரண்டாம், நான்காம் இலக்கங்கள் வருடம். உப்புவெளியில் என் மச்சாளுக்கு ஒரு பை காட்டினார்கள், லண்டனில் இருந்து வந்ததாம். இலக்கம் 7119. அப்படியென்றால் 2019ஆம் ஆண்டின் 71ஆவது வாரம். அப்படி ஒரு வாரமே இல்லையே! பிடியையும் பார்த்தோம். பிடியில் உள்ள சாயமிடாத தோல் வெயிலும் கையும் பட்டுத் தேன் நிறத்துக்கு மாறும். ஐந்து வருடம் பாவித்ததாகச் சொன்ன பையில் பிடி வெளிறியே இருந்தது. வாங்காமல் வந்துவிட்டோம்.

அக்கா, காசு கொடுக்க முன்னம் பிடியையும் குறியீட்டையும் பகல் வெளிச்சத்தில் கிட்டப் படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.