வக்கீலாக நினைக்கிற பிள்ளைக்கு எந்த குரூப்?

பத்தாம் வகுப்பு முடிவு வந்த மறுநாளிலிருந்து என் அலுவலகத்துக்குக் கட்சிக்காரர்களைவிடப் பெற்றோர்தான் அதிகம் வருகிறார்கள். மன்னார்குடியில் இருபத்திரண்டு வருடமாக வக்கீலாக இருக்கிறேன். ஒவ்வொரு மே மாதமும் இதே கேள்வி: "பிள்ளை வக்கீலாக வேண்டும் என்கிறது, பதினொன்றில் எந்த குரூப் எடுப்பது?"

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சட்டத்துக்கென்று தனி குரூப் கிடையாது. பிளஸ் டூவில் எந்தப் பிரிவு படித்தவரும் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் சேரலாம். பொதுப் பிரிவினருக்கு 45 சதவீத மதிப்பெண் இருந்தால் விண்ணப்பிக்கத் தகுதி உண்டு. திருச்சி போன்ற அரசு சட்டக் கல்லூரிகளில் இதற்கு நுழைவுத் தேர்வும் இல்லை. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே தரவரிசை போடுகிறார்கள். அப்படியானால் எந்தப் பாடத்தைப் பிள்ளை விரும்பிப் படித்து நிறைய மதிப்பெண் வாங்குமோ, அதுதான் அதற்கான குரூப்.

இதைச் சொன்னதும் பெற்றோர் முகம் வாடிவிடுகிறது. நானூறுக்கு மேல் வாங்கிய பிள்ளை ஃபர்ஸ்ட் குரூப்தான் எடுக்க வேண்டும், வரலாறு எடுத்தால் தெருவில் என்ன நினைப்பார்கள் என்ற கவலை. எங்கள் அப்பாவுக்கும் அதே கவலைதான். அவருக்காக ஃபர்ஸ்ட் குரூப் எடுத்தேன். இயற்பியலில் தட்டுத் தடுமாறித் தேறினேன். ஐந்தாண்டுப் படிப்பில் இடம் கிடைக்கவில்லை. பி.ஏ. வரலாறு முடித்து, அதன்பிறகு மூன்றாண்டுச் சட்டம் படித்தேன். ஓராண்டு கூடுதலாகப் போனது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. எனக்குப் படிப்பே வராது என்று ஃபர்ஸ்ட் குரூப் படித்த அந்த இரண்டு வருடமும் நம்பிக்கொண்டிருந்தேனே, அதைத்தான் இன்றும் மன்னிக்க முடியவில்லை.

போன வாரம் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி அவள் அப்பாவோடு வந்தாள். கணக்கு வரவில்லை, வரலாறு பிடிக்கும் என்றாள். மேசையில் ஒரு பழைய கிரயப் பத்திரத்தின் நகல் கிடந்தது. நான்கெல்லை எழுதியிருந்த இடத்தைக் காட்டிப் படிக்கச் சொன்னேன். "வாய்க்காலுக்கு மேற்கு, கோவில் நிலத்துக்குக் கிழக்கு, களத்துமேட்டுக்கு வடக்கு" என்று போகும். புதிதாக வரும் ஜூனியர்களே இதில் தடுக்கி விழுவார்கள்; மேற்கு என்ற சொல்லைப் பார்த்ததும் வாய்க்காலை மேற்கே போட்டுவிடுவார்கள். அவள் இரண்டு முறை வாய்க்குள் படித்தாள். ஒரு தாளில் கட்டம் போட்டு, வாய்க்காலைக் கிழக்குப் பக்கம் வரைந்தாள். "நிலம்தானே மாமா வாய்க்காலுக்கு மேற்கே இருக்கிறது" என்றாள். மா, குழி என்றால் எவ்வளவு என்று அவளாகவே கேட்டாள். நூறு குழி ஒரு மா, மூன்று மா ஏறக்குறைய ஓர் ஏக்கர் என்றேன். அதையும் ஓரத்தில் குறித்துக்கொண்டாள்.

என் தொழிலில் பாதி இதுதான். எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடி படிப்பது.

வரலாறு, புவியியல், பொருளியல் எல்லாம் மதிப்பெண் குறைந்தவர்களுக்கான பாடங்கள் என்று சொல்பவர்கள், டெல்டாவில் இருந்துகொண்டு எப்படி அதைச் சொல்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. காவிரி வழக்கு 1892, 1924 ஒப்பந்தங்களைச் சுற்றித்தானே நடந்தது? 2018இல் உச்ச நீதிமன்றம் நமக்கு வரவேண்டிய நீரை 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25ஆகக் குறைத்தபோது, இங்கே நிலத்தடி நீர் இருக்கிறது என்று 10 டி.எம்.சி.யைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. அது புவியியல் இல்லாமல் வேறென்ன? 1952ஆம் ஆண்டின் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் ஏன் இந்த மண்ணுக்கென்றே வந்தது என்று தெரியாதவருக்குக் குத்தகை வழக்கின் உயிர்நாடி பிடிபடாது.

அறிவியல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிடித்துப் படிக்கிற பிள்ளை தாராளமாக எடுக்கட்டும். கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை வாங்கித் தரும் முகவராவதற்கான தேர்வு எழுத அறிவியல் அல்லது பொறியியல் பட்டம் கட்டாயம். அந்த ஆசை உள்ளவர்கள் பட்டம் முடித்துவிட்டு மூன்றாண்டுச் சட்டத்துக்கு வரலாம். வணிகவியல் படித்தவர்களுக்குக் காசோலை வழக்கும் கூட்டுறவுச் சங்கக் கணக்கும் எளிதாகக் கைவருவதை நீதிமன்றத்தில் தினமும் பார்க்கிறேன். திருச்சி நவலூர்க்குட்டப்பட்டில் உள்ள தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தைப் போன்ற இடங்களைக் குறிவைத்தால் கிளாட் என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். இரண்டு மணி நேரம், 120 கேள்விகள், எல்லாம் ஆங்கிலப் பத்திகளைப் படித்துப் பதில் சொல்வது. கணக்கு கொஞ்சம்தான், அதுவும் பத்தாம் வகுப்பு அளவில். அங்கேயும் வேகமாகவும் சரியாகவும் படிக்கத் தெரிந்த பிள்ளைதான் ஜெயிக்கிறது.

குரூப்பைவிட மொழிக்காகத்தான் நான் அதிகம் மன்றாடுவேன். மொழிப்பாடம் எப்படியும் தேறிவிடும் என்று ஒதுக்கிவைக்கிறார்கள். கீழமை நீதிமன்றங்களின் மொழி தமிழ். உயர் நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம். இரண்டிலும் ஒரு பக்கம் பிழையில்லாமல் எழுதத் தெரியாதவர் கறுப்பு அங்கி போட்டு என்ன செய்வார்? நூற்றைம்பது வருடத்துக்கு முன்பே, மாயவரத்தில் முன்சீப்பாக, அதாவது கீழமை நீதிமன்ற நீதிபதியாக, இருந்த வேதநாயகம் பிள்ளை ஆங்கிலத் தீர்ப்புகளைத் தமிழாக்கி ஊருக்குக் கொடுத்தார். அவர் உட்கார்ந்த ஊரிலிருந்து இரண்டு மணி நேரப் பஸ் பயணத்தில் இருக்கும் நாம், தமிழ்ப் புத்தகத்தை அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகுதான் திறக்கிறோம்.

அந்தப் பெண்ணுக்கு ஒரு சிக்கல் பாக்கி இருக்கிறது. அவள் படித்த தனியார் பள்ளியில் அறிவியலும் வணிகவியலும்தான் உண்டு, கலைப்பிரிவு கிடையாது. அரசு மேல்நிலைப் பள்ளியில் இருக்கிறது. அவள் அப்பா இன்னும் தயங்குகிறார். தனியார் பள்ளியிலிருந்து அரசுப் பள்ளிக்கு மாற்றினால் கட்டணம் கட்ட முடியவில்லை என்று பேசுவார்கள் என்கிறார். திங்கட்கிழமை காலை சேர்க்கை. அவரைத் தனியாக விடாமல் நானும் கூடப் போகிறேன்.