ஹோமா பிசினஸான்னு கேட்டா ஒழுங்கா ஒரு பதில் சொல்லுங்கய்யா

வீட்ல உக்காந்து தனியா தொழில் பண்றவங்க எந்த ஆஃபீஸ் சாஃப்ட்வேர் வாங்கணும்னு கேட்டா விக்கிறவங்க ஒருத்தர்கிட்டயும் நேரான பதில் இல்ல. "எல்லாம் ஒண்ணுதான் சார், விலை கம்மியா இருக்கறத எடுத்துக்கோங்க"ன்னு கூசாம சொல்றாங்க. எப்படி ஒண்ணாகும்? மைக்ரோசாஃப்ட்டோட ஆஃபீஸ் 2019 ஹோம் அண்ட் ஸ்டூடண்ட்டோட லைசென்ஸ்ல வருமானம் வர்ற வேலைக்கு யூஸ் பண்ணக்கூடாதுன்னே இருந்துச்சு. அத யாரு வாங்கும்போது சொன்னாங்க? இப்போ அந்த 2019-க்கு 2025 அக்டோபர் 14-ஓட சப்போர்ட்டும் முடிஞ்சு போச்சு, மறுபடி முதல்லேர்ந்து தேடணும்.

சரி பேர்லயே பிசினஸ்னு இருக்கேன்னு மைக்ரோசாஃப்ட் 365-ல (சந்தா கட்டி யூஸ் பண்ற ஆஃபீஸ்) பிசினஸ் பேசிக் பிளான் எடுத்தா, கம்ப்யூட்டர்ல இன்ஸ்டால் பண்ற வேர்டு எக்செல் அதுல கிடையாது, பிரவுசர்லயும் மொபைல்லயும் மட்டும்தான். இத கொட்டை எழுத்துல மொதல்ல போட்டா என்ன கேடு?

இதவிட வயிறு எரியறது அதே மைக்ரோசாஃப்ட் 365-ல இருக்கற ஃபேமிலி பிளான் விஷயம். ஆறு பேர் வரைக்கும் யூஸ் பண்ணலாம், அப்போ நாலு பேர் வேலை செய்ற ஆபீஸுக்கு அது போதும்னு தலையில கட்டிடறாங்க. ஆனா அதுல ஒவ்வொருத்தர் அக்கவுண்ட்டும் அவங்கவங்க சொந்த அக்கவுண்ட், நாளைக்கு ஒரு ஸ்டாஃப் வேலைய விட்டுப் போனா அவரோட ஒன்டிரைவ்ல (ஃபைல ஆன்லைன்ல சேத்து வைக்கற இடம்) இருக்கற கஸ்டமர் லிஸ்ட், பில்லு, கணக்கு எல்லாம் அவரோடயே போயிடும், முதலாளியால பாஸ்வேர்ட கூட மாத்த முடியாது. பிசினஸ் பிளான்ல எல்லா அக்கவுண்ட்டையும் நிர்வாகம் பண்ற அட்மின் இருக்காரு, பாஸ்வேர்ட ரீசெட் பண்ணலாம், போனவரோட ஃபைல இன்னொருத்தருக்கு மாத்தலாம். எக்ஸ்ட்ரா காசு குடுக்கறதே இதுக்குத்தான், கம்ப்யூட்டர்ல இன்ஸ்டால் பண்ற பிளான் எல்லாத்துலயும் வேர்டு அதே வேர்டுதான்! ஃபைல் யாரு கையில இருக்கும்ங்கறதுதான் வித்தியாசமே, அத மட்டும் விட்டுட்டு ஒரு டிபி ஸ்டோரேஜ் இருக்கு, அது இருக்கு இது இருக்குன்னு அடுக்கறாங்க.

வெறும் லெட்டர் அடிச்சு பில் போடறதுக்குன்னா வேர்டு எக்செல் மாதிரியே வேலை செய்ற லிப்ரே ஆஃபீஸ் 2010-லேர்ந்து இருக்கு. ஃப்ரீ, வீட்டுக்கும் தொழிலுக்கும் ஒரே லைசென்ஸ். சிக்கலான எக்செல் மேக்ரோ (வேலைய தானா செய்ய எழுதி வைக்கற குட்டி புரோகிராம்) இருந்தா சரியா ஓடாம போகலாம், ஆனா நெறைய பேருக்கு அந்த மேக்ரோவே தேவையில்ல. அப்புறமும் அந்தப் பேர எந்த சேல்ஸ் ஆளாவது சொல்லிக் கேட்டிருக்கீங்களா? சொல்ல மாட்டாங்க, அதுல அவங்களுக்கு பைசா தேறாது.

எத்தன பேர் யூஸ் பண்ணுவீங்க, சம்பாதிக்கற வேலைக்கா, ஆள் போனா ஃபைல் யாருக்கு வேணும்... இந்த மூணு கேள்விய கேட்டுட்டு அப்புறம் விலையச் சொல்லுங்க.