எடை குறைந்தால் சும்மா விடாதீங்க

புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்களுக்குச் சத்துக்குறைவு வந்தால் அன்றாட வாழ்க்கையே முடங்கிவிடும் என்று ஒரு கட்டுரையில் இருந்ததைப் படித்ததும் எங்கள் அத்தை நினைவுதான் வந்தது. அம்பாசமுத்திரம் பக்கம் ஊர். வாய்ப்புற்று, கதிர்வீச்சும் கீமோவும் சேர்த்துக் கொடுத்தார்கள். மூன்றே மாதத்தில் 58 கிலோ 49 ஆனது, ஒவ்வொரு தடவையும் எடை பார்த்துச் சீட்டில் எழுதினார்களே தவிர ஏன் இறங்குகிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

பார்க்க வந்த சொந்தக்காரர்களோ முட்டை வேண்டாம், கறி வேண்டாம், கட்டி வளரும், வெறும் கஞ்சி கொடுங்கள் என்றார்கள். வாய் புண்ணாக இருப்பவரிடம் ஆப்பிளை வேறு நீட்டுவார்கள்!

அப்புறம் ஒரு டயட்டீஷியனைப் பார்த்தோம். உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.5 கிராம் புரதம் தினமும் வேண்டும் என்றார். அத்தைக்கு ஐம்பது கிராமுக்குக் குறையக்கூடாது, ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான், அரிசிக்கஞ்சி எந்த மூலைக்கு? இந்த நோயில் உடம்புக்குள் இருக்கும் அழற்சியே தசையைக் கரைத்துவிடுமாம், பசியையும் கொன்றுவிடுமாம். அதனால் சாப்பிட மாட்டேங்கிறாள் என்று அத்தையைத் திட்டுவதில் அர்த்தமே இல்லை.

உளுந்தஞ்சோறு விழுங்க முடியவில்லை. உளுந்தங்கஞ்சியில் தேங்காய்ப்பால் விட்டு ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அரை டம்ளர் கொடுத்தோம். எவர்சில்வர் கரண்டி இரும்பு மாதிரி நாறுகிறது என்றார், பிளாஸ்டிக் கரண்டிக்கு மாறினோம். எடை ஏறவில்லை, ஆனால் இறங்குவது நின்றது. வாசல் திண்ணை வரை தானே நடந்து வந்து உட்கார ஆரம்பித்தார்.