ஒரு மணி அஞ்சு நிமிஷம்

நேத்து ஆபீஸ் குரூப்ல நடந்ததைப் பார்த்தவங்களுக்கு முன்கதை தேவையில்லை. பார்க்காதவங்க நிம்மதியா இருக்கீங்க, அப்படியே இருங்க. ஒருத்தர் என் பயண கிளெய்ம் பில்லை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டு, "ஒண்ணேகால் மணி நேர ஃப்ளைட்டை விட்டுட்டு சார் அஞ்சரை மணி நேரம் ரயில்ல வர்றார். நேரத்தோட அருமை தெரியாதவங்களும் இருக்கத்தான் செய்றாங்க"ன்னு ஒரு வரி. கீழே 17 பேர் சிரிப்பு ஸ்மைலி. எண்ணினேன். ஆமா, உட்கார்ந்து எண்ணினேன்.

அங்கே பதில் போடல. போட்டா "ஜோக்கைக் கூடத் தாங்க மாட்டேங்குறாரே"ன்னு அதுக்கும் ஒரு ஸ்மைலி விழும். அதனால என் பக்கத்துல, என் இஷ்டத்துக்கு நீளமா எழுதுறேன்.

சொல்ல வர்றது ஒண்ணுதான். டிக்கெட்ல அச்சடிச்சிருக்கிறது பயண நேரம் இல்லை. வீட்டுக் கதவைப் பூட்டுற நிமிஷத்துல ஆரம்பிச்சு, போற இடத்துல நாற்காலியில போய் உட்கார்ற நிமிஷம் வரைக்கும்தான் பயண நேரம். கதவுல இருந்து நாற்காலி வரை. இதை எத்தனை தடவை சொன்னாலும் "ஃப்ளைட் ஒண்ணேகால் மணி நேரம்தானே"ன்னு ஆரம்பிக்கிறவங்களுக்காக, போன மாசம் ரெண்டு விதமாவும் போய் போன்ல குறிச்சே வச்சேன்.

விமானம்: வீட்டுல இருந்து ஏர்போர்ட் 1 மணி 10 நிமிஷம். புறப்பாட்டுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னாடி அங்கே இருந்தாகணும். பறக்கிறது 1 மணி 15. இறங்கி, பெட்டி வந்து, வெளியே வர அரை மணி. அங்கிருந்து ஆபீஸ் 1 மணி 5. கூட்டுங்க. அஞ்சரை மணி நேரம்.

ரயில்: ஸ்டேஷனுக்கு 25 நிமிஷம். பிளாட்பாரத்துல 20 நிமிஷம். வண்டியில அஞ்சரை மணி. இறங்கி நடந்தே 20 நிமிஷம். மொத்தம் 6 மணி 35.

வித்தியாசம் 1 மணி 5 நிமிஷம். இந்த ஒரு மணி அஞ்சு நிமிஷத்துக்குத்தான் எனக்கு நேரத்தோட அருமை தெரியாதுன்னு பேர்.

சரி, அந்த ஒரு மணி அஞ்சு நிமிஷம் எங்கே போச்சுன்னும் சொல்லிடறேன். விமானத்தோட அஞ்சரை மணி நேரம் முழு நேரம் இல்லை, கந்தல். ஏர்போர்ட்டுக்குப் போற வண்டியில ஒரு துண்டு. பெல்ட்டைக் கழட்டி, லேப்டாப்பை எடுத்து ட்ரேயில வச்சு, ஒரு கையால பேன்ட்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற வரிசையில ஒரு துண்டு. கேட் மாத்தி அறிவிப்பாங்க, அந்தக் கோடிக்கு நடக்கிறதுல ஒரு துண்டு. இருக்கை எண் எல்லாருக்கும் கொடுத்தாச்சு, ஆனாலும் எல்லாரும் எழுந்து நிப்பாங்க, நாமளும் நிப்போம், அதுல ஒரு துண்டு. உள்ளே போய் உட்கார்ந்து, மேலே ஏறி, பெல்ட் விளக்கு அணைஞ்சு, லேப்டாப்பைத் திறந்தா முன்சீட்டுக்காரர் சீட்டைச் சாய்ப்பார். திரை பாதி மூடிக்கும். அன்னைக்கு நான் உருப்படியா வேலை பார்த்தது 35 நிமிஷம், அதுவும் முழங்கையை விலாவோட ஒட்டி வச்சுக்கிட்டு. ரயில்ல? நாலு மணி நேரம் ஒரே இழுப்பா. பத்து நாளா தள்ளிப் போட்டுக்கிட்டிருந்த அறிக்கையை முடிச்சேன். மிச்ச நேரம் ஜன்னலைப் பார்த்தேன். அதுக்கும் சேர்த்துத்தான் சிரிக்கிறாங்கன்னு தெரியும்.

இன்னொரு விஷயம். அந்த ஒண்ணேகால் மணி நேரமே முழுக்க வானத்துல இல்லை. அட்டவணையில போடுறது கேட்டை விட்டு நகர்றதுல இருந்து அடுத்த கேட்டுல நிக்கிற வரைக்கும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போறது, வரிசையில காத்திருக்கிறது எல்லாம் அதுல அடக்கம். தாமதம்னு பேர் வரக்கூடாதுன்னு கொஞ்சம் கூட்டியே போடுவாங்க. அப்படியும் 15 நிமிஷத்துக்குள்ள லேட்டா வந்தா, அந்தத் துறையோட வழக்கமான கணக்குப்படி அது 'சரியான நேரம்'. என் ரயில் 15 நிமிஷம் லேட்டானா மட்டும் நான் சோம்பேறி.

"அப்போ உலகம் பூரா பறக்கிறவன்லாம் முட்டாளா?" ஐயா, நான் அப்படிச் சொல்லவே இல்லை. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேலன்னா நானும் விமானம்தான். அங்கே ஏர்போர்ட்டுல வீணாகிற ரெண்டு மணி நேரத்தைப் பறக்கிற வேகம் ஈடு கட்டிடும். என் 450 கிலோமீட்டர்ல அது அவ்வளவா ஈடு கட்டாது. இதை நான் கண்டுபிடிக்கல. ஜப்பான்ல 1964 அக்டோபர்ல டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் நடுவுல ஷின்கான்சென்னு அதிவேக ரயில் விட்டாங்க. 500 கிலோமீட்டர் சொச்சம். அப்போ 4 மணி நேரம், இப்போ இரண்டரை மணிக்கும் குறைவு. அந்த ரெண்டு ஊருக்கும் நடுவுல இன்னைக்கும் விமானம் இருக்கு, ஆனா பெரும்பாலானவங்க ஏறுறது ரயில்ல. பிரான்ஸ்ல பாரிஸ்–லியான் அதிவேக ரயில் 1981-ல் வந்துச்சு. மாட்ரிட்–பார்சிலோனா விமானத் தடம் ஒரு காலத்துல உலகத்துலயே நெரிசலான தடங்கள்ல ஒண்ணு. 2008-ல் இரண்டரை மணி நேரச் சொச்சத்துல போற ரயில் வந்ததும் கூட்டம் பெருமளவு அங்கே சாஞ்சிடுச்சு. பிரான்ஸ் இன்னும் ஒரு படி மேலே போய், இரண்டரை மணிக்குள்ள ரயில் இருக்கிற தடத்துல உள்நாட்டு விமானம் கூடாதுன்னு சட்டமே போட்டு 2023-ல் அமலுக்குக் கொண்டு வந்துடுச்சு. அதுல சிக்கினது மூணே தடம்தான், அது வேற கதை. அந்த ஊர் வியாபாரிகளுக்கெல்லாம் நேரத்தோட அருமை தெரியாது போல.

"உன் ரயில் அந்த வேகமா?" இல்லை. தெரியும். அந்த ரயில்காரங்க கணக்குப்படி பார்த்தாலே மூணு மணி நேரம் வரைக்கும் ரயில் ஜெயிக்கும், நாலைத் தாண்டினா விமானம் முந்தும். என்னுது அஞ்சரை. காகிதத்துல நான் தோத்துட்டேன், ஒரு மணி அஞ்சு நிமிஷ வித்தியாசத்துல. அதை முதல்லயே சொல்லிட்டேனே.

"ரயில் தாமதமாகாதா?" ஆகும். நடுவழியில மூணு மணி நேரம் நின்னிருக்கேன். ஆனா எழுந்து நடக்கலாம், கழிப்பறைக்குப் போகலாம், போன் பேசலாம். அடுத்த கேள்வி.

"கார்பன், பூமின்னு ஆரம்பிச்சுட்டியா?" ஆரம்பிக்கல. நீங்கதான் ஆரம்பிச்சீங்க. கேட்டதுனால சொல்றேன், விமானம் தரையை விட்டு எழும்பி மேலே ஏறும்போதுதான் எரிபொருளை அப்படிக் குடிக்கும். குட்டிப் பயணத்துல ஏறி முடிச்சதும் இறங்க ஆரம்பிச்சிடுது, அதனால கிலோமீட்டர் கணக்குல பார்த்தா அதுதான் மோசம். ஆனா நான் ரயிலேறுறது பூமியைக் காப்பாத்த இல்லை. என் காதைக் காப்பாத்த.

சிரிக்காதீங்க, நிஜமா. ரெண்டு வருஷம் முன்னாடி கடும் ஜலதோஷத்தோட பறந்தேன். விமானத்துக்குள்ள காற்றழுத்தம் 6000, 8000 அடி மலை உச்சியில இருக்கிற மாதிரிதான் வச்சிருப்பாங்க. இறங்கும்போது அழுத்தம் மறுபடி ஏறும். மூக்கையும் காதையும் இணைக்கிற குழாய் சளியில அடைச்சிருந்தா காதுக்குள்ள அழுத்தம் சமமாகாது. எனக்கு வலது காதுல ஆணி அடிச்ச மாதிரி வலி, அப்புறம் பஞ்சை அடைச்ச மாதிரி அமைதி. அப்படியே மீட்டிங்ல போய் உட்கார்ந்தேன். வாடிக்கையாளர் என் வலது பக்கம். அவர் "பதினாறாம் தேதி" என்றார், என் காதுல விழுந்தது "ஆறாம் தேதி". தலையாட்டிட்டு வந்து, பத்து நாள் முன்னாடியே வேலையை முடிக்கச் சொல்லி மொத்த டீமையும் ராத்திரி பகலா உட்கார வச்சேன். ஆறாம் தேதி காலையில சரக்கோட போய் நின்னா, "எதுக்கு இவ்வளவு அவசரம்?"ன்னு கேட்கிறார். அந்த டீம்ல இருந்தவங்க ரெண்டு பேர் நேத்து ஸ்மைலி போட்டிருக்காங்க. அவங்களுக்கு உரிமை இருக்கு, விட்டுடறேன்.

"அப்போ கார்ல போ. உன் நேரம், உன் வண்டி, வாசல்ல இருந்து வாசல் வரை." இதைச் சொல்றவங்கதான் அதிகம். பகல்ல, பக்கத்து ஊருக்கு, ரயிலே போகாத இடத்துக்கு, மூட்டை முடிச்சோட போறதுக்குக் காரை அடிச்சுக்க முடியாது. ஒத்துக்கிறேன். ஆனா ஓட்டுற நேரம் வேலை நேரமும் இல்லை, ஓய்வு நேரமும் இல்லை. ஏழு மணி நேரம் ஓட்டிட்டுப் போய் மீட்டிங்ல உட்கார்ந்தா கண் முன்னாடி ரோடு ஓடிக்கிட்டே இருக்கும். மீட்டிங் முடிஞ்சு அன்னைக்கே திரும்புறதுதான் அதை விட மோசம். 17 மணி நேரம் தூங்காம இருக்கிறவனோட கவனமும் கைவேகமும், ரத்தத்துல 0.05 சதவீதம் ஆல்கஹால் இருக்கிறவன் அளவுக்கு மந்தமாயிடும்னு ஆராய்ச்சிகள்லயே வந்திருக்கு. பல நாடுகள்ல அந்த அளவுக்கு மேல போனா வண்டி ஓட்டக் கூடாது. காலையில 5 மணிக்கு எழுந்தவனுக்கு ராத்திரி 10 மணி ஆனா 17 மணி நேரம். குடிக்காமலே.

இதை எங்கேயோ படிச்சுட்டு மட்டும் சொல்லல.

ஒரு ராத்திரி, இதே வேலை, இதே தூரம். மணி ஒண்ணு இருக்கும். வண்டி 90-ல் போகுது. 90-ல் போற வண்டி ஒரு விநாடிக்கு 25 மீட்டர் போகும், நாலு விநாடி கண் சொக்கினா 100 மீட்டர் யாரும் ஓட்டாமலே போகும். எனக்கு எத்தனை விநாடின்னு தெரியாது. கண் திறந்துதான் இருந்த மாதிரி ஞாபகம். திடீர்னு அடியில இருந்து 'டர்ர்ர்'னு ஒரு சத்தம், ஸ்டீயரிங் கையில அதிருது. ரோடு ஓரத்து வெள்ளைக் கோட்டை ஒட்டி வரிவரியா மேடு போட்டிருப்பாங்களே, அது மேல இடது டயர் ஏறியிருக்கு. அதுக்கு அந்தப் பக்கம் ஒண்ணும் இல்லை, இருட்டு. திருப்பினேன். உள்ளங்கை ரெண்டும் ஈரம். பக்கத்து சீட்ல தூங்கிட்டிருந்தவர் கண்ணைத் திறக்காமலே "என்னாச்சு?" என்றார். "ஒண்ணுமில்லை, தூங்குங்க" என்றேன். தூங்கிட்டார். அடுத்து வந்த பெட்ரோல் பங்க்ல வண்டியை நிறுத்தி, அரை மணி நேரம் வெளியே நின்னேன். எழுந்ததும் அவர் முதல்ல கேட்டது, "ஏன் நிறுத்தினீங்க, லேட்டாகலையா?"

நேத்து அந்த ஸ்கிரீன்ஷாட்டைப் போட்டது அவர்தான்.

இதுவரைக்கும் அவர்கிட்ட சொன்னதில்லை. இதைப் படிச்சு இப்போதான் தெரிஞ்சுக்கப் போறார். பயமுறுத்த வேண்டாம்னு நினைச்சேன், அப்புறம் சொல்லாமலே பழகிடுச்சு. உலகத்துல வருஷத்துக்குச் சுமார் 11.9 லட்சம் பேர் ரோட்டுல சாகிறாங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அதுல நாங்க ரெண்டு பேரும் சேராததுக்குக் காரணம் வரிவரியா இருந்த கொஞ்சம் மேடு. அன்னைக்கு முடிவு பண்ணினேன், முடிஞ்ச வரைக்கும் வேற யாராவது ஓட்டட்டும்னு. அதைக் கிளெய்ம் பாரத்துல எந்தக் கட்டத்துல எழுதுறது? கட்டணத்துக்குக் கட்டம் இருக்கு, கிலோமீட்டருக்குக் கட்டம் இருக்கு.

ஒரு தங்கச்சி மட்டும் அந்த சந்தடியில நியாயமா கேட்டிருந்தாங்க. "அண்ணா, எனக்கு வீட்ல கைக்குழந்தை, ஒரு மணி நேரம் முன்னாடி வந்தா தூங்குறதுக்குள்ள பார்த்துடுவேன்." இதுக்கு என்கிட்ட பதில் இல்லைம்மா. உங்க ஒரு மணி அஞ்சு நிமிஷமும் என்னுதும் வேற வேற. நீங்க பறந்து வாங்க. நான் உங்க பில்லை ஸ்கிரீன்ஷாட் எடுக்க மாட்டேன்.

மத்தவங்க? தெரியும், சில பேருக்கு இது நேரக் கணக்கே இல்லை. அடிக்கடி பறக்கிறவங்களுக்குக் கொடுக்கிற அந்தத் தங்க நிற அட்டை, லவுஞ்ச் சோபா, "போர்டிங், கூப்பிடறேன்"னு போனை வைக்கிறதுல ஒரு தோரணை. இருக்கட்டும். ஆனா அதுக்கு நேரத்தோட அருமைன்னு பேர் வைக்காதீங்க.

முந்திக்கிட்டு நானே சொல்லிடறேன், இல்லைன்னா யாராவது லிங்க் போடுவீங்க. நாலு மணி நேரத்துக்கு மேல அசையாம உட்கார்ந்து போனா காலுக்குள்ள ரத்தம் உறையுற வாய்ப்பு ஏறக்குறைய ரெண்டு மடங்காகும்னு அதே உலக சுகாதார நிறுவனம் 2007-ல் சொல்லியிருக்கு. விமானம், கார், பஸ், ரயில் எல்லாத்துக்கும் பொருந்தும். அதனாலதான் மணிக்கொரு தரம் எழுந்து பெட்டியோட அந்தக் கோடி வரைக்கும் நடக்கிறேன். 90-ல் ஓட்டிக்கிட்டே நடந்து பாருங்க.

வர்ற செவ்வாய் மறுபடி போகணும். ரயில்தான், ஜன்னலோரம் கிடைச்சிருக்கு. ஏறினதும் முதல் வேலை, அந்த 17 பேர்ல மூணு பேர் நேத்து ராத்திரி எனக்கு அனுப்பியிருக்கிற கோப்புகளைத் திருத்தித் தர்றது. "வண்டியில வரும்போது பார்த்துடுங்க சார், உங்களுக்குத்தான் நேரம் கிடைக்கும்"னு எழுதியிருக்காங்க.