போச்செல்லியை எந்த அளவுகோலால் அளப்பது?

இத்தாலியப் பாடகர் ஆந்த்ரேயா போச்செல்லியைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், "அவர் உண்மையான ஓபரா பாடகரே அல்லர்" என்ற தீர்ப்பும் உடன் வந்துவிடுகிறது. அதில் ஓரளவு நியாயம் உண்டு. கதையைப் பாடியே நடிக்கும் ஓபரா அரங்கில் பாடகருக்கு ஒலிவாங்கி கிடையாது. முழு இசைக்குழுவின் முழக்கத்தையும் தாண்டி, கடைசி வரிசை வரை வெறும் குரலே சென்று சேர வேண்டும். 1999இல் டெட்ராய்ட்டில் பிரெஞ்சு இசையமைப்பாளர் மாஸ்னேயின் 'வெர்தர்' ஓபராவில் அவர் நாயகனாகப் பாடியபோது, விமர்சகர்கள் அவருடைய மூச்சுக் கட்டுப்பாட்டையும் குரலின் வீச்சையும் கடுமையாகவே குறை கூறினார்கள்.

ஆனால் அந்த ஒரே அளவுகோலால் அவருடைய இசை வாழ்க்கை முழுவதையும் தள்ளிவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. டஸ்கனியின் லயாட்டிகோ என்ற சிற்றூரில் 1958இல் பிறந்து, பிறவிக் கண் அழுத்த நோயோடு வளர்ந்து, பன்னிரண்டாம் வயதில் கால்பந்து ஆடுகையில் பட்ட அடியால் பார்வையை முற்றிலும் இழந்தவர் அவர். பீசாவில் சட்டம் படித்தார், மதுக்கூடங்களில் பியானோ வாசித்துப் பாடினார். ராக் பாடகர் சுக்கெரோவுக்காக 1992இல் அவர் பாடிக் கொடுத்த மாதிரிப் பதிவைக் கேட்டு, புகழ்பெற்ற ஓபரா பாடகர் பவரொட்டியே வியந்தார். 1994இல் இத்தாலியின் சான்ரெமோ பாடல் விழாவின் புதுமுகப் பிரிவில் வென்றபோது அவருக்கு வயது முப்பத்தைந்து. அடுத்த ஆண்டு அதே மேடையில் நான்காம் இடமே பெற்ற 'கோன் தே பார்திரோ' என்ற பாடல்தான், 1996இல் சாரா பிரைட்மனுடன் இணைந்து பாடப்பட்டு, ஜெர்மானியக் குத்துச்சண்டை வீரர் ஹென்றி மாஸ்கேயின் விடைபெறும் போட்டியில் ஒலித்து, உலகெங்கும் பரவியது.

அவருடையது ஒலிவாங்கிக்கு மிக நெருங்கி நின்று பேசும் குரல். சொற்களைத் தெளிவாகவும் கனிவாகவும் உச்சரிப்பதிலேயே அதன் வலிமை இருக்கிறது. செவ்வியல் பாடகர் மக்கள் பாடலைத் தொடுவதும் இத்தாலிக்குப் புதிதன்று. நேப்பிள்ஸில் பிறந்த கரூசோ, ஓபராவின் உச்சத்தில் இருந்தபோதே தம் ஊரின் பாடல்களை இசைத்தட்டுகளில் பதிவு செய்தார். போச்செல்லியிடம் எனக்குள்ள குறை வேறு: பிற்காலத்தில் நட்சத்திரங்களோடு அவர் பாடிய இருகுரல் பாடல்கள் பலவற்றில் மெருகு மிஞ்சுகிறது, உணர்ச்சி குறைகிறது.

அவரை நியாயமாக மதிப்பிட விரும்புவோர், மியுங்-வுன் சுங் நடத்திய ரோமின் சாந்தா செசிலியா இசைக்குழுவோடு 1999இல் வெளிவந்த 'சேக்ரட் ஏரியாஸ்' தொகுப்பைக் கேட்க வேண்டும். வெர்தரில் சறுக்கிய அதே ஆண்டில், தம் குரலுக்குப் பொருந்திய வழிபாட்டுப் பாடல்களில் அவர் எவ்வளவு நிறைவாகப் பாடியிருக்கிறார் என்பது அதில் ஐயமின்றித் தெரிகிறது.