பாதுகாப்பை நிறுத்தினால் லப்டொப் பறக்குமா?

பழைய லப்டொப்பில் லினக்ஸ் போட்டிருக்கும் எங்கட யாழ்ப்பாணத்துப் பெடியளுக்குள் ஒரு அறிவுரை சுற்றுகிறது: பூட் வரியில் (மெசின் தொடங்கும்போது லினக்ஸுக்குக் கொடுக்கும் கட்டளை வரி) 'மிற்றிகேஷன்ஸ்=ஓஃப்' என்று போடு, மெசின் பறக்கும். புரொசசர் ஓட்டைகளுக்கான பாதுகாப்பு அடைப்புகளை அது நிறுத்திவிடும். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஆனால் அவர்களுடைய எரிச்சல் நியாயமானது.

2018 ஜனவரியில் வெளியான ஸ்பெக்டர் ஓட்டை இருந்தது புரொசசரில்; அதில் ஒரு வகையை அடைக்கும் வேலை, நிரலை மெசின் மொழிக்கு மாற்றும் கொம்பைலரின் தலையில் விழுந்தது. அடுத்து எங்கே தாவ வேண்டும் என்று புரொசசர் முன்கூட்டியே ஊகித்து ஓடும். அந்த ஊகத்தைத் திசைதிருப்பினால் லினக்ஸின் மையமான கேர்னலின் ரகசியங்களைக் கசியவைக்கலாம். இதற்குக் கூகிளிலிருந்து வந்த மருந்துதான் ரெட்போலின். போகும் இடம் ஓடும்போதுதான் தெரியவரும் மறைமுகத் தாவல் வரும் இடமெல்லாம் கொம்பைலர் அதை 'ரிற்றேர்ன்' (கூப்பிட்ட இடத்துக்குத் திரும்பும் கட்டளை) வழியாகச் சுற்றி அனுப்பும். ஊகம் ஒரு வெற்றுச் சுழலில் மாட்டிக்கொண்டு நிற்கும். கெட்டிக்காரத் தந்திரம்தான், ஆனால் ஊகத்தால் கிடைத்த வேகமும் அதோடு போச்சு. எந்த டிரைவர், எந்தக் கோப்பு முறைமை என்பது ஓடும்போதுதான் தெரியும் என்பதால் கேர்னலில் இத்தகைய தாவல்கள் ஏராளம். லினக்ஸ் 5.10இல், மறைமுகத் தாவலுக்குப் பதிலாக நேரடித் தாவலை வைக்கும் 'ஸ்டாற்றிக் கோல்' வந்ததற்கு இந்த இழப்பும் ஒரு காரணம்.

பிறகு 2022இல் ரெட்பிளீட் என்ற இன்னொரு ஓட்டை. அந்த ரிற்றேர்னையே ஏமாற்றலாம் என்று சூரிச் ஈடிஎச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதற்கான திருத்தங்களால் ஏஎம்டியில் 14 வீதமும் இன்ரெலில் 39 வீதமும் வரை மேலதிகச் சுமை ஏறியதாக அவர்களே அளந்து சொன்னார்கள். இன்ரெலில் மாட்டியது ஸ்கைலேக் என்ற சிப் வடிவமைப்பின் வழி வந்தவை. ஆறாம், ஏழாம் தலைமுறை என்று இங்கே செகண்ட் ஹாண்டில் வாங்குகிறோமே, அதே சாமான். புதுச் சிப்புகளில் வன்பொருளே பெரும்பகுதியைப் பார்த்துக்கொள்கிறது. பிழை விட்டது சிப் செய்தவன், தண்டம் கட்டுவது பழசு வாங்கியவன். எனக்கு இதுதான் பொறுக்கவில்லை.

சரி, அதற்காக எல்லாவற்றையும் நிறுத்துவதா? இந்தச் சுமை தெரிவது கேர்னலை அடிக்கடி கூப்பிடும் வேலைகளில்: டேற்றாபேஸ், நெற்வேர்க், சின்னச் சின்னக் கோப்புகளை ஓயாமல் திறந்து மூடுவது. வீடியோ பார்ப்பதிலோ கணக்குப் போடுவதிலோ வித்தியாசம் தெரியாது. நிறுத்தினால் லாபம் சொற்பம். பிரவுசரிலோ முன்பின் தெரியாதவன் எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் நிரல் நாள்முழுக்க ஓடுகிறது; அடைப்பை எடுத்தால் அந்த ஓட்டைகள் அதற்குத் திறந்துவிடும். வெளியார் நிரல் எதுவும் ஓடாத சேவர் என்றால் யோசிக்கலாம், அதுவும் உங்கள் வேலையை இரண்டு விதமாகவும் ஓட்டி அளந்த பிறகு. ரேர்மினலில் 'எல்எஸ்சிபியு' என்று அடித்தால் உங்கள் சிப்பில் எந்த ஓட்டை, எந்த அடைப்பு என்று கடைசி வரிகளில் வரும்.

அப்புறம், அந்த லப்டொப்பில் இன்னமும் பழைய ஹார்ட் டிஸ்க்தான் சுற்றுகிறதென்றால் முதலில் ஒரு எஸ்எஸ்டி வாங்கிப் போடுங்கோ.